பழைய வள்ளத்துக்கு வீட்டு பெயின்ட் தாங்குமா?

பாம்பன்காரன்: அப்பாவின் மரவள்ளம், பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. கரையில் ஏற்றிவிட்டேன். கதவுக்கு அடித்த பச்சை எனாமல் மீதம் இருக்கிறது. அதையே அடிக்கலாமா? படகுக்கென்றே விற்கிற மரைன் பெயின்ட் கட்டுப்படியாகாது.

தொண்டிக்கரை: மேல் பலகைக்கு எனாமல் போதும் தம்பி. முதலில் நல்ல தண்ணீரில் கழுவு. உப்பு இருந்தால் எந்தப் பெயின்டும் நிற்காது. நன்றாகக் காயவிட்டு, சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மரத்துக்கான பிரைமர் அடி. அப்புறம் மெல்லிசாக இரண்டு கோட்டிங். காலையிலேயே முடித்துவிடு. பாம்பன் காற்று ஏறினால் மணலெல்லாம் ஈரப் பெயின்டில்தான்!

பாம்பன்காரன்: சரிண்ணே. அடிப்பாகத்துக்கு?

மண்டபம் மச்சான்: அங்கே எனாமல் வேண்டாம், நனைந்தே கிடந்தால் கொப்பளிக்கும். பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் பூசு. மலிவு. ஆனால் கையுறை இல்லாமல் தொடாதே, தோல் வெந்துவிடும். பதிவு எண்ணைச் சுரண்டுமுன் போட்டோ எடுத்து வை.