ப்ளூ நோட் எல்பி: ஒரிஜினலா, மறுபதிப்பா?

கேள்வி: அமெரிக்க ஜாஸ் கம்பெனியான ப்ளூ நோட்டின் 1960களின் எல்பி இசைத்தட்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நடுவிலுள்ள லேபிளில் அந்தக் காலத்து நியூயார்க் முகவரி இருக்கிறது. நம்பி வாங்கலாமா, மறுபதிப்பே போதுமா?

பதில் 1: லேபிளை மட்டும் நம்பாதீங்க சார். 1960களின் நடுவில் கம்பெனி லிபர்ட்டி என்ற இன்னொரு ரெக்கார்டு கம்பெனி கைக்குப் போனபின், மிச்சமிருந்த பழைய லேபிள்களையே புது அச்சுக்கும் பயன்படுத்தினார்கள். பாட்டு முடிந்து லேபிள் வரைக்கும் உள்ள வெற்று வளையத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்க. காது மாதிரி சின்னக் குறி இருந்தால் லிபர்ட்டிக்கு முன் ப்ளூ நோட்டுக்குத் தட்டு அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது. ஒலிப்பதிவாளர் 'வான் கெல்டர்' பெயர் முத்திரை மட்டும் இருந்தால் போதாது. அவர் வெட்டிய மூலத் தட்டிலிருந்துதான் லிபர்ட்டியும் அச்சடித்தது.

பதில் 2: காது இருந்தாலும் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீங்க. கனமான ஊசியில் ஓடிய தட்டில் பள்ளத்தின் சுவர் தேய்ந்து, உள்வட்டத்தில் ட்ரம்பெட் உச்சிக்குப் போகும்போது கரகரக்கும். அழுக்கென்றால் கழுவினால் போகும், தேய்மானம் போகாது.

பதில் 3: கேட்கத்தான் என்றால் 2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுபதிப்பு வரிசையே என் தேர்வு. அசல் டேப்பிலிருந்து ஒலிப் பொறியாளர் கெவின் கிரே டிஜிட்டலாக மாற்றாமல் அனலாகிலேயே வெட்டியவை. பெரும்பாலும் ஸ்டீரியோதான், மோனோவின் (ஒற்றைத் தட ஒலியின்) அழுத்தம் வேண்டுமென்றால் பழசைத் தேடத்தான் வேண்டும். புதுத் தட்டு எதிலும், சுற்றும்போது டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இடவலமாக ஆடினால் துளை மையம் விலகியிருக்கிறது. பியானோ சுரம் அலையும். உடனே மாற்றிக் கேளுங்க.