கீமோ முடிந்த அம்மாவை நடக்க வைக்கலாமா?

நங்கநல்லூர்வாசி:
அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. ஆபரேஷன் ஆகி, ஆறு மாதக் கீமோவும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. டாக்டர் "நல்லா நடக்கச் சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டில் பெரியம்மா, அத்தை, எதிர்வீட்டு மாமி எல்லாரும் ஒரே பாட்டு, நொந்த உடம்பு, படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும் என்று. அம்மாவும் சோபாவை விட்டு நகர்வதில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, பாதம் மரத்த மாதிரி இருக்கிறதாம். நடந்தால் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை ஆறுதலுக்குச் சொல்வதா?

பிசியோ_அடையாறு:
உங்கள் அம்மா நிலையில் இருப்பவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. பெயர் சேலஞ்ச், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2025 ஜூனில் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி பற்றிய புத்தகங்கள் மட்டும், இன்னொரு பாதிக்கு மூன்று வருடம் கூடவே ஒரு பயிற்சியாளர். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் நன்றாக இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3, அங்கே 83.2. இத்தனைக்கும் பெரிய வித்தை எதுவும் இல்லை, பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாலு நாள் முக்கால் மணி நேரம் வேக நடை, அவ்வளவுதான்.

கவனியுங்கள், டாக்டர் சொன்ன ஒரு வரி அந்தப் புத்தகம் மாதிரி. கூட ஆள் இருந்தவர்கள்தான் அதிகம் தேறினார்கள். அந்த ஆள் நீங்கள்தான்.

ஆனால் மூச்சு வாங்குவதை முதலில் டாக்டரிடம் சொல்லி ஹீமோகுளோபின் பாருங்கள். பிறகு தொடங்கலாம், முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மரத்த பாதத்தோடு நம் ஊர் பிளாட்பாரம் வேண்டவே வேண்டாம், சமதளமும் மூடிய ஷூவும் அவசியம். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், கல் குத்தினாலும் அம்மாவுக்குத் தெரியாது.

அரைக்கிலோ_பருப்பு:
எனக்கு மார்பகத்தில் வந்தது, அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததில் இடது கை வீங்கும். தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதே என்று மாமியார் தொடங்கி வேலைக்கு வரும் அம்மா வரை சொன்னார்கள், நானும் அந்தக் கையைக் கடன் வாங்கிய பாத்திரம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். என் பிசியோதான் 2009-இல் வந்த ஆய்வு ஒன்றைச் சொன்னார். கை வீக்கம் உள்ள 141 பெண்கள், பாதிப் பேர் மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியதில் வீக்கம் மோசமாகவில்லை, திடீரென்று அதிகமாவதும் குறைந்தது. வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டில் தொடங்கினேன். இப்போது காய்கறிப் பையை நானே மாடிக்குத் தூக்கி வருகிறேன்.

மெரினா_காலை:
ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். என் அப்பா முப்பது வருடம் தினமும் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடந்தவர், பீடி சிகரெட் தொட்டதில்லை. அவருக்கும் புற்றுநோய் வந்தது. "இவ்வளவு நடந்தவருக்கேவா?" என்று வந்தவர் எல்லாம் கேட்டுக் கேட்டு அவரை நோகடித்தார்கள். 14 லட்சம் பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்த 2016 ஆய்வில், பார்த்த 26 வகைப் புற்றுநோயில் 13-இல்தான் அதிகம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆபத்து குறைவாகத் தெரிந்தது. குறைவு என்றால் வராது என்று அர்த்தமில்லையே. அம்மாவை நடக்கக் கூப்பிடுங்கள், ஆனால் நடக்காததால்தான் வந்தது என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்ல விடாதீர்கள்.

நங்கநல்லூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ரத்தப் பரிசோதனைக்கு நாளை போகிறோம். சரியாக இருந்தால் காலை ஐந்தே முக்காலுக்கு மொட்டை மாடி, வெயில் ஏறுவதற்குள். முட்டி வலி வேறு உண்டு, பரவாயில்லையா?

பிசியோ_அடையாறு:
அந்த ஆய்விலேயே மூட்டு, தசைத் தொந்தரவு பயிற்சிக் குழுவில் 18.5 சதவீதம், மற்றவர்களில் 11.5. அதனால் வலித்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஆபரேஷனில் மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருந்தால் எடை தூக்கும் பயிற்சிக்கு முன் கேளுங்கள்.