அரசியல் பேசினால் நீக்குவேன் என்று குரூப் அட்மின் சொல்லலாமா?

மலைக்கோட்டை
பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். தேர்தல் பேச்சு வந்தாலே குரூப் இரண்டாக உடைகிறது. ஒரு நண்பரின் அப்பா காலமான செய்தி கூட்டணிச் சண்டைக்கு நடுவில் வந்ததால் பலர் கண்ணில் படவே இல்லை. அதனால் அறிவித்துவிட்டேன்: அரசியல் பதிவு போட்டால் அழிப்பேன், மூன்றாம் முறை ஆளையே நீக்குவேன். பாதிப் பேர் கைதட்டுகிறார்கள், மீதிப் பேர் சர்வாதிகாரி என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வைகைக்கரை
சர்வாதிகாரம்தான். எது அரசியல் என்று யார் முடிவு செய்வது? பிள்ளைக்கு நீட் கோச்சிங் கட்டணம் கட்ட முடியவில்லை என்று ஒருவர் எழுதினால் அது அரசியலா, வீட்டுக் கவலையா? கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று டெல்டாக்காரர் எழுதினால்? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் அவ்வளவு பேர் கூடியதில் இப்படிப்பட்ட குரூப்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்று உங்கள் விதி இருந்திருந்தால் "நாளைக்குக் கடற்கரைக்கு வர்றியாடா" என்று கேட்டவனும் வெளியே போயிருப்பான்.
எங்கள் அடுக்குமாடிக் குரூப்பிலும் இந்தத் தடை உண்டு. மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறதே என்று கவுன்சிலரைக் கேட்டு எழுதினேன், அழித்துவிட்டார்கள். அன்று காலையில் ஒரு தலைவரின் படத்தோடு வந்த பிறந்தநாள் வாழ்த்து அப்படியே இருக்கிறது. வாழ்த்து அரசியல் இல்லையாம், கேள்விதான் அரசியலாம்.

டீக்கடை பெஞ்ச்
வைகை அண்ணே, டீக்கடையிலும் சலூனிலும் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று போர்டு மாட்டியவர்கள் எல்லாம் ஜனநாயக விரோதிகளா? கைகலப்பு வந்தால் உடைவது அவர்கள் கிளாஸ். அட்மின் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. அரசியல் பேச ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் என்று ஊர்ப்பட்ட இடம் இருக்கிறது. பழைய தோழர்களோடு பேச இருப்பது இந்த ஒரு இடம்தான். இன்னொன்று, நாளைக்கு யாராவது விவகாரமாக எழுதினால் போலீஸ் தேடுவது அட்மினைத்தான். 2017-ல் வாரணாசியில் கலெக்டரும் போலீஸும் சேர்ந்து அப்படித்தான் உத்தரவு போட்டார்கள்.

கறுப்புக் கோட்டு
அந்தப் பயத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, வெறும் அட்மின் என்ற காரணத்தால் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துச் செய்திருந்தால் கதை வேறு. அதே ஆண்டு டிசம்பரில் நம் மதுரைக் கிளைக்கும் இப்படி ஒரு வழக்கு வந்தது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்குங்கள் என்று உத்தரவு. அது கரூர் வக்கீல்களின் குரூப், எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை! 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் போனது.
ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அட்மினால் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், பதிவைக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் நாக்பூர் தீர்ப்புக்கு ஒரு காரணம். அதற்கப்புறம், 2022-ல், யார் பதிவையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் அட்மினுக்குக் கொடுத்துவிட்டது. அந்த வாதம் இனிமேலும் அதே பலத்தோடு நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

டீக்கடை பெஞ்ச்
வழக்கு நிற்காது, சரி. அதுவரை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடப்பது யார் சார்?

மயிலாப்பூர்க்காரி
இவ்வளவு நேரமும் ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மலைக்கோட்டை, உங்கள் குரூப்பில் பெண்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? எங்கள் கல்லூரிக் குரூப்பில் என் தோழிகள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். அரசியல் பிடிக்காமல் இல்லை, எனக்குத் தனியாக எழுதும்போது வெளுத்து வாங்குவார்கள். குரூப்பில் வாயைத் திறந்தால் "சங்கி", "இருநூறு ரூபாய் உபி", "தற்குறி", "கொத்தடிமை" என்று ஏதாவது ஒரு பட்டம் வரும். அடுத்த வரியில் வீட்டுக்காரரை இழுப்பார்கள். தடை போட வேண்டியது இதற்குத்தான். பட்ஜெட்டைப் பற்றி யாராவது எழுதுவதால் உங்களுக்கு என்ன வந்தது?

வைகைக்கரை
பட்டப்பெயர் விஷயத்தில் அக்கா சொல்வதை ஏற்கிறேன். அது எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒன்றுபோலப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. அட்மினுக்குத் தன் கட்சியைத் திட்டினால் வசவு, அடுத்த கட்சியைத் திட்டினால் நகைச்சுவை.

கறுப்புக் கோட்டு
நானாக இருந்தால் முதலில் ஃபார்வர்டை நிறுத்துவேன். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். அதற்குப் பின்னால் இருந்தது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி, அதில் கட்சி அரசியலே கிடையாது. நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றினார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட ஃபார்வர்ட் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. கருத்தைத் தொடாமலே இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. சொந்தமாக எழுது, யாருடைய வீடியோவையும் கொண்டுவந்து கொட்டாதே என்று சொல்லிப் பாருங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

டீக்கடை பெஞ்ச்
எங்கள் குரூப்பில் சொந்தமாக எழுதுகிறவன்தான் சார் ஆபத்து. ஃபார்வர்டை யாரும் படிப்பதே இல்லை.

மலைக்கோட்டை
சரி, வாக்கு எண்ணிக்கை முடியும்வரை இப்படி ஓட்டிப் பார்க்கிறேன்: ஃபார்வர்ட் கிடையாது, பட்டப்பெயர் கிடையாது, இரங்கல் செய்தி வந்தால் அன்று முழுக்க வேறு பேச்சு கிடையாது. என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் நண்பனை இன்னொரு அட்மினாகப் போடுகிறேன், வைகைக்கரைக்குத் திருப்தியா?

வைகைக்கரை
முதல் எச்சரிக்கையை உங்கள் கட்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.