ஸ்மோக்கீஸ் ட்ரவுட்: மார்ச் கடைசில காலைல போறதா, மதியமா?

மலைக்கிறுக்கன்:
வணக்கம் மக்களே, சார்லட்ல இருக்கேன், மார்ச் கடைசி வீக்கெண்ட் ஸ்மோக்கீஸ் நேஷனல் பார்க்ல எல்க்மான்ட் பக்கம் லிட்டில் ரிவர்ல ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி கட்டின போலி இரைய வீசிப் பிடிக்கிறது) போகலாம்னு பிளான். ஊர்ல மண்புழு கோர்த்து கெண்டை பிடிச்ச அனுபவம் மட்டும்தான். விடியக்காலைல போய் நின்னாதானே நல்லா கடிக்கும்? அப்புறம் எந்த ஃப்ளை வாங்குறது, கடைல போனா அத்தனை வகை வெச்சிருக்கான் தலை சுத்துது. என்கிட்ட நார்த் கரோலினா ஃபிஷிங் லைசென்ஸ்தான் இருக்கு, நான் போற இடம் டென்னசி பக்கமாச்சே, செல்லுமா?

ஓடைக்காரன்:
விடியக்காலைய கோடைக்கு வெச்சுக்கோங்க ப்ரோ. மார்ச்ல ராத்திரி குளிர்ல தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், மீன் அடில கிடக்கும், அசையாது. நிதானமா சாப்ட்டுட்டு பத்து மணிக்கு மேல இறங்குங்க. ஃப்ளைக்கு செலவு பண்றத விட ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டு சில நாள் நின்னுச்சுன்னா குவில் கார்டன் பூச்சி மதியத்துல மேல வர ஆரம்பிக்கும், அப்பதான் தண்ணி மேல மிதக்கிற ட்ரை ஃப்ளை. அதுவரைக்கும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்ப (தண்ணிக்குள்ள இருக்கிற இளம்பூச்சி மாதிரி மூழ்குற ஃப்ளை) அடியோட ஓட விடுங்க.
லைசென்ஸ் கவலை வேணாம், பார்க்குக்குள்ள ரெண்டு ஸ்டேட்ல எதோடது இருந்தாலும் செல்லும், ட்ரவுட்டுக்குன்னு தனியா வாங்குற ஸ்டாம்ப்பும் கேக்க மாட்டாங்க. பக்கத்து ஊர் செரோக்கி, காட்லின்பர்க் பக்கம் போனா மட்டும் தனி பர்மிட்.

கெண்டைக்கால்:
தெர்மாமீட்டர் சரி, ஆனா குவில் கார்டன்தான் வேணும்னு தேடி அலையாதீங்க. ஸ்மோக்கீஸ் ஓடைல தீனி கம்மி, தண்ணி வேகம், மீனுக்கு யோசிக்க நேரமே கிடையாது. 14 சைஸ் பாராசூட் ஆடம்ஸ்னு ஒரு ட்ரை ஃப்ளை போதும். ஃப்ளை தண்ணியோட சேர்ந்து ஓடணும், லைன் இழுத்து கோடு போட்டுச்சுனா முடிஞ்சுது, திரும்பிக்கூட பாக்காது. அதனால தூரமா வீசாம, கிட்டப் போய், தூண்டில் ராட தூக்கிப் பிடிச்சு லீடர் (லைன் நுனில கட்டுற மெல்லிய நரம்பு) மட்டும் தண்ணில படுற மாதிரி போடுங்க. மீன் நீரோட்டத்த பாத்து நிக்கும், நீங்க கீழ்ப்பக்கத்துலேர்ந்து ஏறிப் போங்க.

பச்சைமலை:
மண்புழுன்னு சொன்னீங்களேன்னு சொல்றேன், பார்க்ல அதெல்லாம் கூடாது, செயற்கை ஃப்ளையோ லூரோ (வேற வகை போலி இரை), அதுவும் ஒத்தை ஹூக் மட்டும். பிடிச்ச ட்ரவுட் 7 இன்ச்சுக்கு கீழ இருந்தா விட்டுடணும். கல்ல புரட்டாதீங்க, சாலமாண்டர் (பல்லி மாதிரி இருக்குற நீர்நில உயிர்) குடியிருக்கும். 2023லேர்ந்து 15 நிமிஷத்துக்கு மேல வண்டி நிறுத்தினா பார்க்கிங் டேக் வேற வேணும், நாளைக்கு 5 டாலர்.

மலைக்கிறுக்கன்:
ஆஹா, அப்ப சனிக்கிழமை தூங்கலாம் 😀 தண்ணி அவ்ளோ ஜில்லுன்னா வேடர்ஸ் (தண்ணி புகாத நீள உடுப்பு) கட்டாயமா, இல்ல கரைலேர்ந்தே சமாளிக்கலாமா?

ஓடைக்காரன்:
கட்டாயம் போடுங்க, இடுப்புல பெல்ட் இறுக்கி. முந்தின நாள் மழைன்னா பெரிய ஆத்துல இறங்கவே வேணாம், மேல சின்ன ஓடைக்குப் போயிடுங்க.