பெக்ஸ் பைப்புக்கு எந்த கிரிம்ப் டூல் வாங்குறது? செம்பு ரிங்கா, ஸ்டீல் கிளாம்பா?

ஸ்காபரோ பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு பேஸ்மெண்ட்ல ஒரு வாஷ்ரூம் போடுறம். பெர்மிட் எடுத்தாச்சு, ட்ரெய்ன் வேலை ஒரு பிளம்பரை வச்சு முடிச்சாச்சு, தண்ணி லைன் மட்டும் நானே இழுப்பம் எண்டு இருக்கிறன். மேல ஓடுற லைன் பழைய செம்பு, அதில டீ (மூண்டு வாய் ஜாயிண்ட்) போட்டு எடுத்து ஷவர், பேசின், டாய்லெட் மூண்டுக்கும் அரை இஞ்ச் பெக்ஸ், அந்த வளையிற பிளாஸ்டிக் பைப். பைப் என்ன, எல்போ என்ன எல்லாம் பாத்து வச்சிட்டன், டூல்தான் பிரச்சினை. கடையில போய் நிண்டா செம்பு ரிங்கை நசிச்சு இறுக்கிற நீட்டுக் கைபிடி போட்ட பெரிய கிரிம்ப்பர் ஒண்டு, பக்கத்தில ஒரு கையால பிடிக்கிற சின்னன், அங்கால ஸ்டீல் கிளாம்புக்கு எண்டு வேற ராட்செட் டூல், அதுக்கும் அங்கால பைப்பின்ர வாயையே விரிக்கிற டூல் எண்டு ஒரு சுவர் முழுக்கத் தொங்குது, விலையும் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை.

என்ர இடம் நல்ல நெருக்கம். ஜாயிஸ்டுக்குக் (மேல் தட்டைத் தாங்கிற மரச் சட்டம்) கீழால ஃபர்னஸ் டக்ட், சூட்டுக் காத்துக் குழாய், போகுது, டக்டுக்கும் மேல் தட்டுக்கும் நடுவில கை போகும், ஆனா நீட்டுக் கைபிடியை விரிக்க இடமில்லை.

நான் கேக்கிறது இதுதான். செம்பு ரிங் நல்லதோ கிளாம்ப் நல்லதோ? ரெண்டும் ஒரே ஃபிட்டிங்கில போடலாமோ? சரியா இறுகிட்டுது எண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது? அம்மாவும் அப்பாவும் கீழ வந்து இருக்கப்போயினம், ட்ரைவால் பலகை அடிச்சுச் சுவரை மூடினாப்பிறகு உள்ளுக்க ஒழுகக் கூடாது, அதுதான் எனக்குப் பெரிய யோசினை.


குழாய்க்காரன் (பிராம்ப்டன்):

தம்பி, டூலைப் பற்றிக் கதைக்க முதல் ஒண்டு சொல்லுறன். செம்பு ரிங் போடுறதெண்டா டூலோட கேஜும் கட்டாயம் வாங்கும். சின்னத் தகடுதான், அநேகமா டூல் பெட்டிக்குள்ளயே வரும், ஆக்கள் அதை எடுத்துப் பாக்காமலே பெட்டியோட போட்டுவிடுவினம். அதில கோ, நோ-கோ எண்டு ரெண்டு வெட்டு இருக்கும். கிரிம்ப் பண்ணின ரிங்குக்கு மேல கோ பக்கம் லேசாப் போகவேணும், நோ-கோ பக்கம் போகவே கூடாது. கோ போகேல்லை எண்டா இறுக்கம் காணாது. நோ-கோவும் போகுதெண்டா அளவுக்கு மிஞ்சி இறுகிட்டுது, அதுவும் பிழைதான், ஏனெண்டா உள்ளுக்க பைப் வெட்டுப்படும், பிளாஸ்டிக் ஃபிட்டிங் எண்டா அதே நசிஞ்சுபோம். ஒரு பக்கம் மட்டும் வச்சுப் பாத்திட்டு விடாதையும், ரிங் முட்டை வடிவா நெளிஞ்சிருந்தா ஒரு பக்கம் சரியாவும் மற்றப் பக்கம் பிழையாவும் காட்டும், சுத்திவர ரெண்டு மூண்டு இடத்தில வச்சுப் பாரும். ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் பாக்கவேணும், முதல் ஒண்டு சரியாப் போச்சுது எண்டு மற்றதெல்லாத்தையும் விடக்கூடாது.

கேஜ் பாஸ் ஆகேல்லையெண்டா அதே ரிங்கைத் திரும்பக் கவ்வி இறுக்கப் பாக்கிறவை இருக்கினம். அது செய்யவே கூடாது. வெட்டி எடுத்திட்டுப் புது ரிங், பைப்பிலயும் அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சிட்டுப் புது நுனி.

இனி டூல். நீட்டுக் கைபிடி டூலுக்குப் பலம் கூட, முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் போடேக்க கை நோகாது, ஆனா கைபிடி ரெண்டையும் நல்லா விரிக்க இடம் வேணும், உம்மட டக்ட்டுக்கு மேல அது சரிவராது. சின்னது அரை இஞ்சுக்குத் தாராளம். தாடை மாத்திப் போடுற செட்டும் இருக்கு, எல்லாச் சைஸுக்கும் ஒரே கைபிடி, ஆனா சரியான சைஸ் தாடையைப் போட்டிருக்கோ எண்டு ஒவ்வொருக்காலும் பாக்கவேணும். எதை வாங்கினாலும் தாடை ரெண்டும் ஒண்டோடொண்டு முட்டுமட்டும் அழுத்தவேணும், அரைவாசியில விட்டா ரிங் வெளியால பாக்க இறுகின மாதிரித்தான் இருக்கும்.

வேலை செய்யிற விதம் இதுதான். பைப்பை பைப் கட்டரால நேரா வெட்டும், ஹாக்ஸா வேண்டாம், பிசிறும் சரிவும் வரும். முதல்ல ரிங்கைப் பைப்பில போடும், பிறகுதான் ஃபிட்டிங். மறந்துபோய் ஃபிட்டிங்கைச் செருகினா பிறகு கழட்டி எடுக்கிறது பெரிய பாடு. பைப் ஃபிட்டிங்கின்ர தோள்பட்டையில போய் முட்டுமட்டும் தள்ளும். ரிங் பைப் நுனியில இருந்து 1/8 இஞ்சுக்கும் 1/4 இஞ்சுக்கும் இடையில நிக்கவேணும், நுனியில முட்டிக்கொண்டும் நிக்கக்கூடாது, உள்ளுக்குத் தள்ளியும் போகக்கூடாது. ரிங் வழுக்கி ஓடும், சாதாரண குறட்டால மெல்லமா ஒரு கிள்ளுக் கிள்ளி விட்டா நிண்ட இடத்தில நிக்கும், தலைக்கு மேல கையை நீட்டி வேலை செய்யேக்க இது பெரிய உதவி. டூல் தாடை பைப்புக்குச் செங்குத்தா இருக்கவேணும், சரிஞ்சிருந்தா ரிங்கும் சரிஞ்சுதான் இறுகும், கேஜும் ஏமாத்தும்.

பைப்பில சிஎஸ்ஏ பி137.5 எண்ட கனடாத் தரக் குறி அச்சடிச்சிருக்கோ எண்டு பாரும், இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதல்ல வாசிப்பார்.


டாலஸ் தமிழன்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் கிளாம்ப் பக்கம். 2021 பிப்ரவரி குளிர்ல இங்க டெக்ஸாஸ்ல வீடு வீடா பைப் வெடிச்சுது, எங்க வீட்லயும் செம்பு லைன் சுவருக்குள்ள ஒரு எடத்துல விட்டுருச்சு, பிளம்பர் யாருக்கு போன் பண்ணினாலும் லைன்ல ஆளே இல்ல, அப்பதான் நானே டூல் வாங்கி அந்தப் பகுதிய பெக்ஸா மாத்தினேன். சுவர்ல கட் பண்ணின ஓட்டைக்குள்ள கைய விட்டு, ஸ்டட்டுக்கும் (சுவர்ல நிக்கற மரச் சட்டம்) பைப்புக்கும் நடுவுல கிரிம்ப் பண்ணணும். செம்பு ரிங் டூல் தாடை ரிங்க சுத்தி முழுசா வளைச்சுப் பிடிக்கணும், அதுக்கு பைப்ப சுத்தி எடம் வேணும். கிளாம்ப் அப்படி இல்ல, ரிங்ல காது மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், டூல் அந்த காத மட்டும்தான் கவ்வும், காத உங்க பக்கம் திருப்பி வச்சுக்கிட்டா போதும். அப்பறம் ஒரே டூல்ல 3/8லருந்து 1 இஞ்ச் வரைக்கும் எல்லா கிளாம்பும் போட்டுக்கலாம், தாடை மாத்துற வேலையே இல்ல.

ராட்செட் இருக்குறதால பாதில விட முடியாது, முழுசா அழுத்தினாதான் டூல் வாய தொறக்கும். அதனால புதுசா செய்யறவங்களுக்கு இது நிம்மதி. கழட்டணும்னாலும் காத கட்டிங் பிளேயரால கட் பண்ணி விரிச்சா கிளாம்ப் வந்துரும், செம்பு ரிங்க அறுக்கணும்னா உள்ள ஃபிட்டிங் பல்லுல கீறல் விழாம அறுக்கணும், அது பொறுமை வேணும். கீறல் விழுந்த ஃபிட்டிங்க மறுபடி போடவே கூடாது.

ரெண்டும் ஒரே ஃபிட்டிங்ல போடலாமானு கேட்டீங்க. ஃபிட்டிங் மேல தர எண் போட்டிருக்கும், எஃப்1807னு போட்ட பித்தளை ஃபிட்டிங், எஃப்2159னு போட்ட பிளாஸ்டிக் ஃபிட்டிங், ரெண்டுக்கும் செம்பு ரிங்கும் போடலாம், கிளாம்பும் போடலாம். ஆனா செம்பு ரிங் டூலால கிளாம்ப அழுத்த முடியாது, கிளாம்ப் டூலால செம்பு ரிங்க அழுத்த முடியாது. எஃப்1960னு போட்டிருந்தா அது விரிக்கற வகை, அதுல இந்த ரெண்டு ரிங்குமே போடக்கூடாது, பாத்து வாங்குங்க, கடையில ஒரே ரேக்குல பக்கத்துப் பக்கத்துல வச்சிருப்பாங்க.


குழாய்க்காரன் (பிராம்ப்டன்):

டாலஸ் தம்பி சொன்னதை நான் மறுக்கேல்லை, நெருக்கமான இடத்துக்குக் கிளாம்ப் நல்லதுதான். ஆனா ராட்செட் திறந்தால் சரியாப் போச்சுது எண்டு முழுக்க நம்பக்கூடாது. பாவிக்கப் பாவிக்க எந்த டூலும் அளவு மாறும், கிளாம்ப் டூலிலயும் திருகி அளவு சரிபண்ண ஒரு ஸ்க்ரூ இருக்கும், காது எவ்வளவு மூடவேணும் எண்டு பாக்க அதுக்கும் கேஜ் விக்கிறாங்கள். செம்பு ரிங்கில கேஜ் வச்சா ஆம், இல்லை எண்டு உடனே பதில் வரும், மூடப்போற சுவருக்குள்ள எனக்கு அந்தப் பதில் வேணும், அதுதான் என்ர விருப்பம்.


வின்னிபெக் சுதா:

விரிக்கற டூல் பத்தி யாருமே சொல்லலையே, நான் சொல்றேன். எங்க வீட்ல சமையலறை லைன் முழுக்க நானும் வீட்டுக்காரரும் அந்த முறையிலதான் போட்டோம். பெக்ஸ்ல ஏ, பினு வகை இருக்கு, இதுக்கு வழக்கமா பெக்ஸ்-ஏ பைப்தான் போடுவாங்க, விரிக்கலாம்னு கம்பெனி சொல்லாத பி வாங்கிட்டு வந்து விரிக்கக்கூடாது. பைப் நுனியில பிளாஸ்டிக் வளையத்த மாட்டி, டூல் தலைய உள்ள விட்டு விரிச்சு, கொஞ்சம் திருப்பி மறுபடி விரிச்சு, கடைசியில டக்குனு ஃபிட்டிங்ல சொருகணும், பைப் தானா சுருங்கி பிடிச்சுக்கும். நல்ல விஷயம் என்னன்னா கிரிம்ப் ஃபிட்டிங் பைப்போட உள்வாய்க்குள்ள போறதால தண்ணி போற வழி சின்னதாகும், இதுல பைப்ப விரிச்சு போடறதால அவ்ளோ குறையாது, ஷவர்ல வித்தியாசம் தெரியும்.

ஆனா ஸ்காபரோ தம்பிக்கு இத சொல்ல மாட்டேன். கையால விரிக்கற டூலுக்கும் ரெண்டு கை பிடி வேணும், அந்த டக்ட் மேல முடியாது, பேட்டரி டூல் ஒரு வாஷ்ரூமுக்கு வாங்க மனசு வராது. குளிர்ல பைப் சுருங்க நேரமும் ஆகும், எங்க ஊர்ல கராஜ்ல வச்சு செஞ்சா நின்னு காத்துட்டே இருக்கணும்.


கோவை மணி:

நம்ம ஊர்ல இந்த வேலையே வேற மாதிரிங்க, இங்க வீட்டுக்கு சுடுதண்ணி லைன்னா சிபிவிசிதான், சால்வென்ட் சிமெண்ட் தடவி ஒட்டிருவாங்க, டூல்னு பாத்தா கட்டரும் பிரஷும்தான். சோலார் ஹீட்டர் மாட்டறவங்க மட்டும் நடுவுல அலுமினியம் வச்ச காம்போசிட் பைப் போடறாங்க, அதுல ஸ்பேனரால முடுக்கற ஃபிட்டிங்தான் நான் பாத்தது. ஒரு சந்தேகங்க, இந்த கிரிம்ப் ஜாயிண்ட் சுடுதண்ணிக்குத் தாங்குமா?


டாலஸ் தமிழன்:

தாங்கும் மணி. பெக்ஸ் பைப்புக்கு 73 டிகிரி ஃபாரன்ஹீட்ல 160 பிஎஸ்ஐ அழுத்தம், 180 டிகிரில 100 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும்னு பைப் மேலயே அச்சு இருக்கும், வீட்டு ஹீட்டர் அவ்ளோ சூடுக்குப் போறதே இல்ல. ஹீட்டர் வாய்லயே நேரா மாட்டக்கூடாது, முதல் 18 இஞ்ச் செம்போ ஸ்டீல் ஃப்ளெக்ஸோ போட்டுட்டு அப்பறம்தான் பெக்ஸ். இதுக்கு எதிரி வெயில்தான், வெளிய மொட்டை மாடில ஓட்டறதுக்கு ஆகாது.


ஸ்காபரோ பொடியன்:

எல்லாருக்கும் நன்றி, நல்லா விளங்குது. குழாய்க்காரன் அண்ணை, இன்னும் ரெண்டு கேள்வி. மேல செம்பு லைன்ல டீ போடுற இடம்தான் அந்த டக்டுக்குப் பக்கத்தில வருது, அங்க சோல்டர் பண்ணிப்போட்டு உடனே பெக்ஸ் கிரிம்ப் பண்ணலாமோ? மற்றது, சுவர் மூட முதல் எப்பிடி டெஸ்ட் பண்ணுறது?


குழாய்க்காரன் (பிராம்ப்டன்):

உடனே செய்யக்கூடாது தம்பி. செம்புக்கும் பெக்ஸுக்கும் நடுவில வாற அடாப்டரை முதல்ல சோல்டர் பண்ணி, நல்லா ஆறவிட்டு, கையால தொட்டுப் பாத்து, பிறகுதான் பெக்ஸைச் செருகவேணும். பைப்பைச் செருகி வச்சுக்கொண்டு டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோனா அது இளகிப்போம். உம்மட இடத்தில டார்ச்சே பிடிக்க ஏலாது எண்டா அந்த ஒரு டீயை மட்டும் தள்ளிப் பொருத்துற ஃபிட்டிங்கா வாங்கும், ஷார்க்பைட் மாதிரி. ஒண்டின்ர விலை கூடத்தான், எல்லா இடத்துக்கும் போட்டாக் கட்டுபடியாகாது, ஆனா ஒரு டீக்கு அது பரவாயில்லை. செம்பு நுனியில பிசிறை எடுத்து, பளபளப்பா உரஞ்சிப்போட்டுத் தள்ளும், எவ்வளவு ஆழம் போகவேணும் எண்டு மார்க்கரால கோடு கீறி வச்சிட்டு அந்தக் கோடுமட்டும் போச்சுதோ எண்டு பாரும்.

இன்னொண்டு யோசிச்சுப் பாரும். டீயில இருந்து நல்லா கை போற இடத்துக்கு ஒரு லைன் கொண்டுவந்து, அங்க சின்ன மேனிஃபோல்ட் (ஒரு லைனைப் பல லைனாப் பிரிக்கிற ஃபிட்டிங்) ஒண்டு வச்சு, ஷவருக்கு ஒரு பைப், பேசினுக்கு ஒரு பைப், டாய்லெட்டுக்கு ஒரு பைப் எண்டு வெட்டாமல் ஒரே துண்டா இழுத்தா டக்டுக்கு மேல கிரிம்ப் பண்ணவே தேவையில்லை. பெக்ஸ் வளையும், அதுதான் செம்பை விட அதில இருக்கிற பெரிய லாபம். ஃபிட்டிங்கை ஒட்டின இடத்தில மட்டும் வளைக்காதையும், இழுவை முழுக்க ரிங்கில விழும். மேனிஃபோல்டுக்கு ஒரு சின்னக் கதவு வச்சு விட்டா பிறகு எந்த நேரமும் திறந்து பாக்கலாம். அப்பிடிச் செய்தா சின்ன செம்பு ரிங் டூலும் கேஜும் உமக்குக் காணும், எல்லா ஜாயிண்டும் உம்மட கண்ணுக்கு முன்னால கிடக்கும்.

டெஸ்ட்டுக்கு, ஷவர் வால்வ் பைப், பேசின் பைப் எல்லாத்தின்ர நுனியிலயும் மூடி போட்டு கிரிம்ப் பண்ணி, பிரஷர் கேஜ் ஒண்டைத் திருகி, தண்ணியைத் திறந்து நிரப்பி, காத்து முழுக்க வெளியேறினாப்பிறகு வால்வைப் பூட்டிவிடும். ஊசி இறங்குதோ எண்டு பாரும். பைப் புதுசா இருக்கேக்க கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், தொடக்கத்தில ஊசி ஒரு சொட்டு இறங்கினா பயப்படாமல் திரும்ப ஏத்திவிட்டு ஒரு ராத்திரி விட்டிட்டு விடியப் பாரும். ஒவ்வொரு ரிங்குக்குக் கீழாலயும் காய்ஞ்ச டிஷ்யூவால ஒத்தி எடும், கண்ணுக்குத் தெரியாத கசிவும் டிஷ்யூவில ஈரமாக் காட்டும். இன்ஸ்பெக்டர் வந்து பாத்துக் கையெழுத்துப் போடுமட்டும் ட்ரைவாலைத் தொடாதையும்.

உம்மட வீடு எப்ப கட்டினது? 1995க்கும் 2007க்கும் இடையில எண்டா ஃபர்னஸ் ரூமில போய்ப் பாரும், ஆரஞ்சும் நீலமுமா பைப் ஓடினா அது கிட்டெக் எண்ட பழைய பிராண்ட் பைப்பாக இருக்கலாம். அதின்ர பித்தளை ஃபிட்டிங் அரிச்சுப்போறது எண்டு வழக்குப் போட்டு 2011ல 12.5 கோடி டொலருக்குத் தீர்வு வந்தது, காசு கேக்கிற தவணையும் முடிஞ்சுது. உம்மட லைன் செம்பு எண்டுதான் சொல்லுறீர், எண்டாலும் எங்கயாவது ஒரு துண்டு கலந்திருந்தா அதோட புது பெக்ஸை கிரிம்ப் பண்ணாதையும், அந்தத் துண்டைக் கழட்டிப்போட்டு வேலையைத் தொடங்கும்.


ஸ்காபரோ பொடியன்:

வீடு 1978 அண்ணை, ஃபர்னஸ் ரூமில இப்பதான் போய்ப் பாத்தன், முழுக்கச் செம்புதான். மேனிஃபோல்ட் யோசினை எனக்கு வரவேயில்லை, லாண்டரி சிங்குக்குப் பக்கத்துச் சுவரில நல்ல இடம் இருக்கு, அங்க வைக்கிறன். சின்ன டூலும் கேஜும் வாங்கப் போறன். சனிக்கிழமை பைப் இழுத்தாப்பிறகு படம் போடுறன், ரிங் நிக்கிற இடம் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.