ஃபிலிமில் ஓடும் ஐமாக்ஸ்: கனடாவில் பார்க்கப் போகிறவர்களுக்குப் பல ஊர் ரசிகர்கள் சொல்பவை

ஸ்காபரோவிலிருந்து:
ரிக்கெற் எடுக்கும்போது படத்தின் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கவனியுங்கள். வெறும் "ஐமாக்ஸ்" என்றிருந்தால் பெரும்பாலும் அது டிஜிட்டல் காட்சி. "70 மி.மீ." என்று மட்டும் இருந்தால் ஃபிலிம்தான், ஆனால் ஐமாக்ஸ் அல்ல. அதில் ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிமின் ஓரத்தில் 5 துளை, ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். இரண்டும் சேர்ந்து "ஐமாக்ஸ் 70 மி.மீ." என்றிருந்தால்தான் 15 துளை ஃபிரேம். பரப்பளவில் அது மற்றதைப்போல மூன்று மடங்கு. படம் 1.43:1 என்ற அகல-உயர விகிதத்தில் திரை முழுக்க நிற்கும். டிஜிட்டல் ஐமாக்ஸ் அரங்குகள் பலவற்றில் 1.90:1 மட்டுமே, மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும்.

சில படங்களில் ஐமாக்ஸ் கமராவில் எடுத்த காட்சிகள் மட்டும் திரையை நிறைக்கும், மற்றவை வரும்போது மேலே கீழே கறுப்புப் பட்டை விழும். அது படம் எடுத்த விதம், புரொஜெக்டரின் பிழை அல்ல.

மொன்றியலிலிருந்து:
இந்தத் தொழில்நுட்பத்தின் வேர் எங்கள் ஊரில்தான். 1967 உலகக் கண்காட்சியில் பல புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டிப் பல திரைகளில் படம் காட்டினார்கள். அத்தனை இயந்திரங்களையும் ஒரே கதியில் ஓட வைப்பது பெரும்பாடு. ஒரே பெரிய ஃபிலிம், ஒரே புரொஜெக்டர் போதும் என்ற முடிவுக்கு ரோமன் குரோய்டரும் கிரேம் ஃபெர்குசனும் வந்தது அங்கேதான். றொபேர்ட் கெர், வில்லியம் ஷோ இருவரும் பிறகு சேர்ந்தார்கள். முதல் படம் 1970இல் ஒசாகா கண்காட்சியில் ஓடியது. முதல் நிரந்தர அரங்கு 1971இல் ரொறன்ரோ ஏரிக்கரையில் திறந்த சினிஸ்பியர்.

இவ்வளவு பெரிய ஃபிரேமைப் பழைய முறையில் கொக்கி போட்டு இழுத்தால் துளைகள் கிழிந்துவிடும். அதனால் ஃபிலிமைப் படுக்கை வாட்டில் ஓடவிட்டு, மயிர்க்கொட்டி நகர்வதுபோல அலை அலையாகத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு ஃபிரேமும் ஊசிகளில் பொருந்தி, காற்றை உறிஞ்சும் விசையால் லென்ஸின் பின்கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். படம் ஆடாமல், ஓரம் வரை கூராகத் தெரிவது அதனால்தான். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 1.7 மீற்றர் ஃபிலிம்!

ரெஜைனாவிலிருந்து:
பெரிய நகரத்தில்தான் நல்ல காட்சி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2023இல் 'ஓப்பன்ஹைமர்' ஐமாக்ஸ் ஃபிலிமில் ஓடிய அரங்குகளில் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள வோன் நகர அரங்கும் உண்டு, இங்கே அறிவியல் நிலையத்திலுள்ள கிரேமர் ஐமாக்ஸும் உண்டு. மூன்று மணி நேரப் படம், ஏறக்குறைய 18 கி.மீ. ஃபிலிம், எடை 270 கிலோ அளவில். சுருளைத் தாங்கும் தட்டையே அகலப்படுத்தித்தான் ஓட்டினார்கள்.

மிசிசாகாவிலிருந்து:
பிழைகளைக் கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன். சாதாரண ஃபிலிமில் கீறல் நெடுக்காகத் தெரியும். ஐமாக்ஸில் ஃபிலிம் பக்கவாட்டில் ஓடுவதால் கீறலும் திரைக்குக் குறுக்கே கிடைக்கோடாக வரும். பச்சைக் கோடு என்றால் மேல்படலம் மட்டும் உரிந்திருக்கிறது. மஞ்சள் என்றால் அதற்கும் கீழே போய்விட்டது. வெள்ளை என்றால் நிறப்படலம் எல்லாம் போயிற்று. குளிர்காலத்தில் ஹீற்றர் காற்று வறண்டு கிடப்பதால் ஃபிலிமில் மின்னேற்றம் ஏறித் தூசியை இழுக்கும், அறையின் ஈரப்பதத்தைக் கவனிக்காத இடங்களில் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஒலி அந்த ஃபிலிமில் இல்லை, தனியாக ஓடுகிறது. அறுந்த இடத்தில் சில ஃபிரேம்களை வெட்டி ஒட்டினால் படம் முந்தி ஒலி பிந்திவிடும், அதைச் சரிக்கட்ட வேண்டும். வாயசைவும் குரலும் பொருந்தவில்லை என்றால் உடனே எழுந்துபோய் ஊழியரிடம் சொல்லுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இருக்கைக்கு: நடுவரிசையிலிருந்து இரண்டு மூன்று வரிசை பின்னால், சரி மையத்தில். முன் மூன்று வரிசையில் உட்கார்ந்தால் வசனவரியைப் படிக்கக் கண்ணும் கழுத்தும் ஓயாது.

ஸ்காபரோவிலிருந்து:
ஃபிலிம் நடுவில் நின்றுவிட்டால் டிஜிட்டல் புரொஜெக்டரும் உள்ள அரங்குகளில் மிச்சத்தை அதில் போட்டு முடிக்கக்கூடும். ஃபிலிமுக்கென்று காசு கொடுத்தவர்கள் ரிக்கெற்றை எறியாமல் வைத்திருந்து, வெளியேறுமுன் கவுண்டரில் வேறு காட்சிக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.