‘ரிடக்‌ஷன்’ என்பதற்குக் ‘குறைத்தல்’ ஆகாது: காறை எலும்பு மூட்டு அறுவைக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

காறை எலும்பின் வெளிமுனையும் தோளுச்சியும் கூடும் மூட்டு விலகினால் செய்யும் அறுவை பற்றிய கையேடு ஒன்றின் தமிழ் வரைவைச் செம்மை பார்க்கிறோம். எலும்புப் பெயர்களில் தகராறு இல்லை. அக்ரோமியன் ‘தோளுச்சி’ ஆகிவிட்டது. தோள்பட்டை எலும்பின் முன்புறம் கொக்கிபோல் நீளும் கோரகாய்டு ‘காக்கையலகு முனைப்பு’. கிரேக்க மூலத்திலும் அது காக்கைதான். தொல்லை கொடுப்பது, விலகிய எலும்பைப் பழைய இடத்தில் கொண்டுசேர்ப்பதைக் குறிக்கும் ‘ரிடக்‌ஷன்’. வரைவு முழுக்கக் ‘குறைத்தல்’ என்றே விழுந்திருக்கிறது. “மூட்டைக் குறைத்த பின் பொத்தானை இறுக்கவும்” என்று ஒரு வரி (பொத்தான் என்பது கட்டும் இழையை எலும்பில் தாங்கிப் பிடிக்கும் சிறு உலோக வில்லை). “குறைப்பு இழப்பு ஏற்படலாம்” என்று இன்னொன்று. இதே அறுவையில் காறை எலும்பின் முனையை நிஜமாகவே 5 முதல் 10 மி.மீ. வரை வெட்டியெடுக்கும் கட்டமும் சில நேரம் வரும். ஆகவே இதை நடைக்குற்றம் என்று விட்டுவிட முடியாது; படிப்பவர் எலும்பை வெட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்.

‘இறக்கல்’ எப்படி? மேலே தூக்கி நிற்கும் காறை எலும்பை இறக்குவதுதானே செய்கிறோம்?

————

> மேலே தூக்கி நிற்கும் காறை எலும்பை இறக்குவதுதானே

எக்ஸ்ரேயில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் காறை எலும்பின் மறுமுனை நெஞ்செலும்போடு கட்டுண்டு கிடக்கிறது. அது பெரிதாக எங்கும் போவதில்லை. மூட்டைக் கட்டும் நார்கள் அறுந்ததும் கையின் பாரம் தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துவிடுகிறது. தோள் தொங்குவதால்தான் காறை எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. மேசையில் நடப்பதைப் பாருங்கள்: நோயாளி சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் சாய்ந்திருக்க, உதவியாளர் முழங்கையை ஏந்தி மேலே தள்ளுகிறார். அறுவை மருத்துவர் காறை எலும்பின் முனையை விரலால் தாழ்த்திப் பிடிக்கிறார். இரண்டில் பெரிய வேலை ஏற்றுவதுதான்.

போகட்டும், ‘ஏற்றல்’ என்று வைக்கலாமா என்றால் அதுவும் நிற்காது. இந்த விலகலுக்கு அமெரிக்க எலும்பு மருத்துவர் ராக்வுட் 1984-இல் வகுத்த ஆறு வகைகளில் நான்காம் வகையில் காறை எலும்பு பின்னோக்கிப் போய்ச் பிடரியிலிருந்து முதுகுக்குப் பரவும் சரிவகத் தசைக்குள் குத்தி நிற்கும். அதை முன்னுக்கு இழுத்து விடுவிக்க வேண்டும். ஆறாம் வகை மிக அரிது, அதில் எலும்பு காக்கையலகு முனைப்புக்கு அடியிலேயே போய் மாட்டிக்கொள்ளும். அதைத் தூக்க வேண்டும். உங்கள் ‘இறக்கல்’, எலும்பு மேலே தூக்கி நிற்கும் மூன்று, ஐந்து ஆகிய இரண்டு வகைகளுக்கே அரைகுறையாகப் பொருந்துகிறது. திசை சொல்லாத சொல்லாகப் பாருங்கள்.

————

வணக்கம். திசை இல்லாத சொற்கள் மூன்று கைவசம் இருக்கின்றன. ‘அமர்த்தல்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ‘அமர்வு’ கருத்தரங்கக்காரர்களிடம் போய்விட்டது, ‘அமர்த்து’ என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது. ‘பொருத்துதல்’ இன்னும் மோசம். தகடு, திருகு, பொத்தான் எல்லாவற்றையும் ‘பொருத்துகிறோம்’. போதாக்குறைக்கு ‘பொருத்து’ என்பதே மூட்டுக்குப் பழைய பெயர். ‘சேர்த்தல்’ முறிந்த எலும்பு கூடி வளர்வதோடு குழம்பும்.

‘டிஸ்பிளேஸ்மென்ட்’டை ஏற்கெனவே ‘இடம்பெயர்வு’ என்கிறோம். அதற்கு நேர் எதிராக ‘இடஞ்சேர்ப்பு’ என்று வைத்தால் என்ன? மூட்டு இடம்பெயர்ந்தது, இடஞ்சேர்த்தோம். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் செயலுக்கும், அந்தச் செயலால் கிடைக்கும் நிலைக்கும் அதே ஒரு சொல்தான். தமிழில் தன்வினை, பிறவினை என்று பிரிந்துவிடும்: நாம் செய்வது இடஞ்சேர்ப்பு, மூட்டு அடைந்திருப்பது இடஞ்சேர்வு.

————

இந்தப் பிரிவு மருத்துவத்துக்கு மிகவும் தேவை. இந்த மூட்டை இடஞ்சேர்ப்பது பெரும்பாலும் சுலபம். காயம்பட்ட புதிதில் தோலைக் கீறாமலே முழங்கையை மேலே தள்ளினால் போய் உட்கார்ந்துவிடும். கையை விட்டால் மறுபடி எழும்பும். இடஞ்சேர்வு நிலைக்க வைப்பதில்தான் பாடு. ஆகவே வரைவில் உள்ள ‘குறைப்பு இழப்பு’ என்பது ‘இடஞ்சேர்வு கலைதல்’ ஆக வேண்டும்.

கடினமான இடங்களில் சொல்லைப் போட்டுப் பார்த்தேன்.

மூட்டுக்குள் கிழிந்த குருத்துத்தட்டு நடுவில் சிக்கியிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் மூட்டு சேராது. சிதைந்த தட்டை எடுத்த பிறகே சேரும். ‘இடஞ்சேராத விலகல்’. சரியாக விழுகிறது.

கொக்கித் தகட்டில் கொக்கி தோளுச்சியின் அடியில் நுழைந்து நெம்புகோல்போல வேலை செய்கிறது. கொக்கியின் ஆழம் தேவைக்குக் குறைந்த தகட்டைத் தேர்ந்துவிட்டால் காறை எலும்பு அளவுக்கு மீறித் தாழும், கொக்கி தோளுச்சியின் அடிப்புறத்தை அரிக்கத் தொடங்கும். ‘மிகைச்சேர்ப்பு’ என்று முன்னொட்டு தாராளமாக ஏறுகிறது. ‘குறைச்சேர்ப்பு’ம் அப்படியே. எப்படி இருந்தாலும் அந்தத் தகடு தங்குவதற்கு இல்லை. பொதுவாக 3 அல்லது 4 மாதத்தில் எடுத்துவிடுவார்கள்.

ஒரு குறை. ‘இடஞ்சேர்ந்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது. காறை எலும்பையும் காக்கையலகையும் கட்டும் இரண்டு நார்கள் மேல்-கீழ் அசைவை அடக்குகின்றன. மூட்டுறையின் நார்கள் முன்-பின் அசைவை அடக்குகின்றன. சில நேரம் நேர்ப்படத்தில் எலும்புக்கும் காக்கையலகுக்கும் இடைவெளி வழக்கமான 11 முதல் 13 மி.மீ.க்குள் வந்திருக்கும், ஆனால் அக்குள் வழிப் படம் எடுத்தால் எலும்பு பின்னே தள்ளி நிற்கும். எனவே எந்தத் தளத்தில் இடஞ்சேர்ந்தது என்று அடைமொழி கொடுக்கச் சொல்லுங்கள்.

————

> அடைமொழி கொடுக்கச் சொல்லுங்கள்

கொடுத்துவிடுகிறோம். அடுத்தது ‘ஃபிக்ஸேஷன்’, அதாவது சேர்த்த எலும்பு நகராமல் தகடு, பொத்தான் போன்றவற்றால் பிடித்து வைப்பது. வரைவில் ‘சரிசெய்தல்’ என்று இருக்கிறது, அதுவும் தப்பு. ‘பிணிப்பு’ என்று மாற்றலாமா?

————

நோயாளி கையில் போகும் தாளில் ‘பிணி’ என்று தொடங்கும் சொல் வேண்டாமே! ‘நிலைநிறுத்தல்’ போதும்.

தமிழாக்கத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. எலும்புக்குள் பொத்தான் புதைந்துபோவது, துளை அகல்வது, நடுவில் விழாத துளையால் காக்கையலகு முறிவது எல்லாம் நிலைநிறுத்தலின் தோல்வி. அதன் விளைவு இடஞ்சேர்வு கலைதல். காரணமும் விளைவும் வெவ்வேறு சொல்லில் இருந்தால்தான் மறுஅறுவைக் குறிப்பு தெளிவாக இருக்கும். வழவழப்பான கம்பியை மட்டும் நம்பி நிலைநிறுத்தினால் வேறு ஆபத்து: அது நகர்ந்து நெஞ்சுக்குள்ளேயே போகலாம். தற்காலிகப் பிடிப்புக்குச் செலுத்திய கம்பியை முடிவில் உருவ மறக்கக் கூடாது என்ற வரி வரைவில் காணோம், சேர்த்துவிடுங்கள்.

போகிற போக்கில்: எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்ட்டைத் ‘தசைநார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தசையே கிடையாது. 3 வாரம் தாண்டிய பழைய விலகலில் அறுந்த முனைகள் தாமாகக் கூடும் திறனை இழந்துவிடுகின்றன. தொடையின் பின்புறத் தசைநாண் (தசையை எலும்போடு கட்டுவது) ஒன்றை எடுத்துப் புது நாராகக் கோக்கிறோம். அந்தப் பத்தியில் ‘தசைநாணால் தசைநாரை’ என்று வருகிறது, வாசகர் பாவம். ‘இணைநார்’ என்று மாற்றினால் தீர்ந்தது. விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

————

நன்றி. திருத்திய பத்தி இது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இப்படியே அச்சுக்குப் போகும்:

“உதவியாளர் முழங்கையை மேலே தள்ள, காறை எலும்பின் முனையைத் தாழ்த்தி மூட்டை இடஞ்சேர்க்கவும். தோளுச்சி வழியே கம்பி செலுத்தித் தற்காலிகமாகப் பிடித்து வைக்கவும். மேல்-கீழ், முன்-பின் ஆகிய இரு தளங்களிலும் இடஞ்சேர்வை எக்ஸ்ரேயில் சரிபார்க்கவும். காறை எலும்பிலிருந்து காக்கையலகு முனைப்பின் அடிப்பகுதிக்கு, அதன் அகலத்தின் நடுவே இறங்கும்படி துளையிடவும். துளை உட்புறமாக விலகினால் கைக்குச் செல்லும் நரம்புகள் அருகில் உள்ளன. பொத்தானை இறுக்கி நிலைநிறுத்திய பின் கம்பியை உருவவும். கைத்தொட்டில் 6 வாரம். அதற்குள் கையைத் தொங்கவிட்டால் இடஞ்சேர்வு கலையலாம்.”